சென்னை–டெல்லி–டொராண்டோ: ஐந்து பேர், இரண்டு பிஎன்ஆர் (புக்கிங் பதிவு எண்). பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார என்ன வழி?

தாம்பரம்_அப்பா

வணக்கம். இன்னும் ஐந்து வாரத்தில் பயணம். விவரம் இதுதான்:

நான், மனைவி, மகள் (8 வயசு), மகன் (4 வயசு), என் அம்மா (68 வயசு). அம்மாவுக்கு முழங்கால் பிரச்சினை, வீல்சேர் கேட்டிருக்கிறோம். சென்னை–டெல்லி ஏர்பஸ் ஏ320. டெல்லி–டொராண்டோ போயிங் 777. இரண்டாவது விமானத்தை ஓட்டுவது டிக்கெட் விற்ற நிறுவனம் இல்லை, அதன் கூட்டாளி நிறுவனம்.

ஏஜென்ட் தளத்தில் ஐந்து பேருக்கும் சேர்த்துத் தேடினால் விலை அதிகம் காட்டியது. மூன்று, இரண்டு என்று பிரித்துத் தேடியபோது மூன்று பேருக்குக் குறைந்தது. அதனால் முதல் பிஎன்ஆரில் நான், மனைவி, மகள். இரண்டாவதில் அம்மாவும் மகனும்.

இதுவரை சீட் எதுவும் எடுக்கவில்லை. டெல்லி–டொராண்டோ சீட் மேப் திறக்கவே மாட்டேன் என்கிறது.

கேள்விகள்: இரண்டு பிஎன்ஆரையும் ஒன்றாக்க முடியுமா? 12 வயது வரை பிள்ளைகளைப் பெற்றோர் பக்கத்தில் உட்கார வைக்கணும் என்று ஒரு விதி இருக்கிறதே, அதை நம்பிச் சும்மா இருக்கலாமா? காசு கொடுத்துத்தான் ஆகணும் என்றால் எந்த விமானத்துக்குக் கொடுப்பது? கடைசி நேரத்தில் செக்-இன் செய்தால் நல்ல சீட் இலவசமாக விழும் என்கிறார்களே, உண்மையா?

---

மீனம்பாக்கம்_கவுண்டர்

வணக்கம் சார். முதல் கேள்விக்கு நேரடி பதில்: முடியாது. ஒரு பிஎன்ஆரை இரண்டாகப் பிரிக்கலாம். இரண்டை ஒன்றாக்குவதற்கு வழி கிடையாது. கால் சென்டரில் "லிங்க் பண்ணிட்டோம்" என்று சொன்னால், இந்த பிஎன்ஆரில் இருப்பவர்களோடு அந்த பிஎன்ஆர்காரர்களும் சேர்ந்து பயணிக்கிறார்கள் என்று ஒரு குறிப்பு எழுதி வைத்தார்கள் என்றுதான் அர்த்தம். அதைக் கண்ணால் படிக்கிற ஊழியருக்கு அது உதவும். தானாகச் சீட் போடும் மென்பொருள் அதைப் பார்க்கும் என்று எண்ண வேண்டாம். குறிப்பு போடச் சொல்லுங்கள், அதோடு நிறுத்தாதீர்கள்.

இப்போது டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) விதி. 2024 ஏப்ரலில் வந்தது. 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, *அதே பிஎன்ஆரில்* பயணிக்கும் பெற்றோர் அல்லது பாதுகாவலர்களில் *குறைந்தது ஒருவரோடு* சீட் ஒதுக்கணும், அதற்குப் பதிவும் வைத்திருக்கணும். அழுத்திச் சொன்ன இரண்டு இடத்தையும் உங்கள் புக்கிங்கோடு ஒட்டிப் பாருங்கள். மகன் இருக்கிற பிஎன்ஆரில் பெரியவர் என்றால் உங்கள் அம்மா மட்டும்தான். மகனும் பாட்டியும் 34ஆம் வரிசையில், நீங்கள் மூவரும் 19ஆம் வரிசையில் என்று விழுந்தால், கணினியைப் பொறுத்தவரை விதி நிறைவேறிவிட்டது. பதினைந்து வரிசை தள்ளி, முழங்கால் வலியுள்ள 68 வயசுக்காரர் நான்கு வயசுப் பையனை எழுப்பி பாத்ரூம் கூட்டிப் போகணும். அம்மா அப்பா இருவரோடும் பிள்ளை உட்காரணும் என்றோ, குடும்பம் முழுக்கச் சேர்ந்திருக்கணும் என்றோ அந்த விதி சொல்லவில்லை.

பிரித்துத்தான் எடுக்கணும் என்று வருகிறவர்களுக்கு: விலை குறைவான கட்டண வகுப்பில் (எகானமிக்குள்ளேயே இப்படி விலை அடுக்குகள் உண்டு) மூன்று சீட் மட்டும் மிச்சம் இருக்கும்போது ஐந்து பேருக்குத் தேடினால், ஐந்துக்கும் சேர்த்து இடமுள்ள அடுத்த வகுப்பின் விலையை எல்லோருக்கும் போட்டுவிடும். அதனால்தான் பிரித்தால் விலை குறைகிறது. அப்படிப் பிரிக்கும்போது ஒவ்வொரு பிஎன்ஆரிலும் ஒரு பிள்ளையும், அந்தப் பிள்ளையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளக்கூடிய ஒரு பெரியவரும் வருகிற மாதிரிப் பிரிக்கணும். உங்கள் கணக்கில் நீங்களும் மகளும் ஒன்று, மனைவி, மகன், அம்மா இன்னொன்று என்று இருந்திருக்கலாம். போனது போகட்டும்.

இப்போதே செய்ய வேண்டியவை, இந்த வரிசையில்:

ஏஜென்ட் தளம் கொடுத்த புக்கிங் எண் வேறு, விமான நிறுவனத்தின் பிஎன்ஆர் வேறு. பிஎன்ஆர் ஆறு இலக்கம், எழுத்தும் எண்ணும் கலந்திருக்கும். இ-டிக்கெட் எண் 13 இலக்கம். இரண்டையும் இரண்டு புக்கிங்குக்கும் எழுதி வையுங்கள்.

டொராண்டோ சீட் மேப் திறக்காததற்குக் காரணம், நீங்கள் டிக்கெட் விற்ற நிறுவனத்தின் தளத்தில் தேடுகிறீர்கள். விமானத்தை ஓட்டுகிற நிறுவனத்தின் கணினியில் உங்களுக்கு இன்னொரு பிஎன்ஆர் இருக்கும். டிக்கெட் விற்றவரை அழைத்து "ஓட்டுகிற நிறுவனத்தின் ரெக்கார்ட் லொக்கேட்டர் என்ன" என்று கேளுங்கள், உடனே சொல்வார்கள். அதைக் கூட்டாளி நிறுவனத்தின் தளத்தில் போட்டால் சீட் மேப் திறக்கும். இரண்டு பிஎன்ஆர் என்பதால் உங்களுக்கு அப்படி இரண்டு எண் வரும்.

அடுத்தது பலரும் கவனிக்காதது. மகனும் மகளும் "சைல்ட்" என்று பதிவாகியிருக்கிறார்களா, பிறந்த தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பெயருக்கு முன்னால் மாஸ்டர், மிஸ் என்று இருந்தால் மட்டும் போதாது. பயணி வகையே சைல்ட் என்று இருக்கணும். பெரியவருக்கும் பிள்ளைக்கும் ஒரே கட்டணம் வருகிற இடங்களில் அவசரத்துக்கு "ஐந்து பெரியவர்" என்று போட்டு எடுத்துவிடுகிறார்கள். அப்புறம் கணினிக்கு அங்கே குழந்தை இருப்பதே தெரியாது, எந்த விதியும் வேலை செய்யாது. தப்பாக இருந்தால் இப்போதே திருத்துங்கள். விமான நிலையத்தில் வந்து திருத்துவது பெரிய பாடு.

இவை முடிந்த பிறகு ஓட்டுகிற நிறுவனத்தை அழைத்து, இரண்டு பிஎன்ஆரையும் ஒரே அழைப்பில் கொடுத்து, "4 வயதும் 8 வயதும் பிள்ளைகள் இருக்கிறார்கள், இரண்டு புக்கிங்குக்கும் பக்கம் பக்கமாகச் சீட் போட்டுக் கொடுங்கள்" என்று கேளுங்கள். அந்த ஊழியரால் இரண்டையும் திறந்து வைத்துப் போட முடியும். போட்டுவிட்டோம் என்று சொன்னால் போனை வைக்காமல் தளத்தில் இரண்டையும் திறந்து, சீட் எண் வந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். "ரிக்வெஸ்ட் போட்டிருக்கோம்" என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று பொருள்.

---

ரன்வே25

மேலே சொன்னது எல்லாம் சரி. நான்காவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்த யோசனையால்தான் நிறையக் குடும்பங்கள் சிதறுகின்றன.

கடைசி நேரத்தில் செக்-இன் செய்தால் நல்ல சீட் விழும் என்பது தனியாளுக்குச் சில நேரம் பலிக்கும். விற்காமல் நிற்கிற விலை கூடிய சீட்டுகள் கடைசியில்தான் இலவச ஒதுக்கீட்டுக்கு வரும். ஆனால் வருவது இங்கே ஒன்று, அங்கே ஒன்று. குடும்பத்துக்குத் தேவை நல்ல சீட் இல்லை, *ஒட்டிய* சீட்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 186 சீட் ஏ320-யில் 31 வரிசை. வரிசைக்கு இரண்டு மூன்று-சீட் தொகுதி, மொத்தம் 62 தொகுதி. ஒவ்வொரு தொகுதியிலும் ஒரே ஒருவர் ஜன்னலையோ நடைபாதை ஓரத்தையோ எடுத்துவிட்டால் போதும். 62 பேர்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், 124 சீட் காலி, விமானம் மூன்றில் இரண்டு பங்கு வெறுமை. ஆனால் மூன்று பேர் ஒட்டி உட்கார ஒரு இடம்கூட இல்லை. அடுத்து இன்னும் 62 பேர் மறுமுனையை எடுத்தால், மிச்சம் இருப்பது 62 நடு சீட். அப்போது இரண்டு பேர்கூடச் சேர முடியாது. நடப்பில் இவ்வளவு சீராக விற்காது, ஆனால் போகிற திசை இதுதான். தனியாகப் பயணிக்கிறவர்கள் நடு சீட்டைக் காசு கொடுத்து வாங்குவதில்லை. அதனால் தொகுதிகள் இரு முனையிலிருந்தும் உடைகின்றன, கடைசியில் வருகிறவருக்கு நடு சீட் மட்டும் கிடைக்கிறது.

2017-இல் பிபிசியின் நுகர்வோர் நிகழ்ச்சி ஒன்று, நான்கு பேர் கொண்ட குழுக்களை நான்கு ரயன்ஏர் பயணங்களில் அனுப்பியது. யாரும் சீட் வாங்கவில்லை. எல்லோருக்கும் நடு சீட். உண்மையான குலுக்கல் என்றால் இப்படி நடக்க வாய்ப்பு 54 கோடியில் ஒன்று என்று ஆக்ஸ்போர்டில் கணக்குப் போட்டார்கள். ஜன்னலும் ஓரமும் காசு கொடுப்பவர்களுக்கு என்று தாங்கள் நிறுத்தி வைப்பதாக நிறுவனம் விளக்கம் சொன்னது. தானியங்கி ஒதுக்கீட்டை எல்லாச் சீட்டையும் சேர்த்துப் போடும் குலுக்கலாக நினைக்கக்கூடாது என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன். அது மிச்சம் வைத்த சீட்டுகளுக்குள் மட்டும் குலுக்குகிறது.

சீட் மேப்பில் "எடுக்கப்பட்டது" என்று தெரிவதெல்லாம் ஆள் உட்கார்ந்த சீட்டும் இல்லை. கைக்குழந்தைத் தொட்டில் வரிசை, நடக்க முடியாதவர்களுக்கான சீட், குழுவினர் ஓய்வு, உடைந்த சீட், கவுண்டர் ஊழியர் கையில் வைத்திருக்கும் சீட் எல்லாமே அதே நிறத்தில்தான் தெரியும். இதில் ஒரு பகுதி கவுண்டர் திறக்கும்போது விடுவிக்கப்படும். அதனால் மேப் நிரம்பியிருக்கிறதே என்று ஓய்ந்துவிடாமல் கவுண்டருக்குச் சீக்கிரம் போகணும்.

ஆகவே வெப் செக்-இன் திறந்த நிமிடமே செய்யுங்கள். உள்நாட்டுக்குப் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்கு முன்னால், வெளிநாட்டுக்கு நிறுவனத்தைப் பொறுத்து 48 அல்லது 24. ஒருவர் ஒருவராகச் செய்யாதீர்கள். பிஎன்ஆரில் உள்ள எல்லாப் பெயரையும் டிக் செய்து ஒரே தடவையில் முடியுங்கள். முதலில் ஒருவருக்கு மட்டும் செய்தால் அவர் சீட் உறைந்துவிடும். மற்றவர்களுக்கு வரும்போது பக்கத்தில் இடம் போயிருக்கும். உங்களுக்கு இரண்டு பிஎன்ஆர் என்பதால் நீங்கள் ஒரு போனில், மனைவி இன்னொரு போனில், பக்கத்தில் உட்கார்ந்து ஒரே நேரத்தில்.

இன்னொரு தவறு: "பெரியவர் ஒருவருக்கு மட்டும் சீட் வாங்கிவிடுவோம், பிள்ளை தானாகப் பக்கத்தில் வந்துவிடும்." வாங்கிய சீட்டுக்குப் பக்கத்துச் சீட்டை உங்களுக்காக யாரும் காத்து வைப்பதில்லை. மறுநாளே அது விற்றுப்போகலாம். அப்புறம் பிள்ளையைப் பெரியவர் பக்கம் கொண்டுவர, நீங்கள் காசு கொடுத்த சீட்டை விட்டு நகர வேண்டி வரும். வாங்கினால் பெரியவர், பிள்ளை என்று சோடியாக வாங்குங்கள், இல்லாவிட்டால் யாருக்கும் வாங்காமல் விடுங்கள்.

எந்த விமானத்துக்குக் காசு என்றால், டெல்லி–டொராண்டோவுக்கு. சென்னை–டெல்லி மூன்று மணி நேரத்துக்குள். அதில் மகன் பாட்டியோடும் மகள் உங்களில் ஒருவரோடும் உட்கார்ந்தாலே சமாளிக்கலாம். அதற்கு விதியே போதும்.

---

வடயோர்க்_தமிழ்

வணக்கம். நீங்கள் ரொறன்ரோ வாறபடியால் கனேடிய விதியும் உங்களுக்குச் செல்லும். கனடாவுக்கு வாற, கனடாவிலிருந்து போற எல்லா விமானத்துக்கும் அது பொருந்தும், எந்த நாட்டு நிறுவனம் எண்டாலும். சீட் சம்பந்தமான பகுதி 2019 டிசம்பர் 15இலிருந்து நடைமுறையில இருக்குது. இந்திய விதியைவிட இது துல்லியமானது:

4 வயதும் அதுக்குக் கீழும்: பெற்றார் அல்லது பாதுகாவலருக்கு ஒட்டின சீட்.
5 முதல் 11: அதே வரிசை, இடையில ஒரு சீட்டுக்கு மேல இருக்கக்கூடாது.
12, 13: ஒரு வரிசைக்கு மேல விலகக்கூடாது.

இதுக்கு மேலதிக காசு வாங்கேலாது. நிறுவனம் முதலே சீட் போட்டுத் தரலாம். அப்பிடிப் போடேல்லை எண்டால், செக்-இன்னிலயோ கேட்டிலயோ இலவசமாகச் செய்து தருவம் எண்டு முன்கூட்டியே அறிவிக்க வேணும். செக்-இன்னில ஏலாமல் போனால், ஏறேக்கை மற்றப் பயணிகளிட்டச் சீட் மாற விருப்பமோ எண்டு கேக்க வேணும். ஒருத்தரும் வராட்டி, புறப்படமுதல் திரும்பவும் கேக்க வேணும். ஆனால் முடிவில மாறுறது அந்தப் பயணியின்ர விருப்பம்தான். அவரை வற்புறுத்த இடமில்லை. அதனால கேட் வரைக்கும் விட்டுவிடாதேங்கோ.

உங்கட மகனுக்கு 4, மகளுக்கு 8. போனில கதைக்கும்போது "ஏபிபிஆர், பிரிவு 22" எண்டு சொல்லுங்கோ. கனடா விமானப் பயணிகள் பாதுகாப்பு விதிகள்தான் அது. சண்டை பிடிக்கத் தேவையில்லை. இந்தப் பேரைச் சொன்னால் ஊழியருக்கு என்ன செய்ய வேணும் எண்டு விளங்கும், இலவசமாகச் சீட் போட அனுமதி கேட்டு மேல அனுப்புவினம்.

ஒரு விசயத்தை மறக்காதேங்கோ. இது பிள்ளைக்கும் ஒரு பெற்றாருக்கும் உள்ள உரிமை. அம்மம்மா, அப்பம்மாவுக்கு இதில இடமில்லை. பிரிட்டனிலயும் வழிகாட்டல் இதே போக்குத்தான்: பிள்ளை அதே வரிசையில, இயலாட்டி ஒரு வரிசைக்கு மேல விலகாமல். காரணம் சொகுசு இல்லை. அவசரத்தில விமானத்தை வெறுமையாக்க ஒன்றரை நிமிசம்தான் கணக்கு, அதுவும் பாதிக் கதவுகளோட. பத்து வரிசை தள்ளிப் பிள்ளை இருந்தால் எந்தத் தாயும் கதவுப் பக்கம் போகமாட்டா, ஆக்கள் வாற திசைக்கு எதிராகப் பிள்ளையைத் தேடித்தான் போவா. ஒட்சிசன் முகமூடி விழுந்தாலும் அதே கதை, 4 வயதுப் பிள்ளை தானாகப் போட்டுக்கொள்ளாது.

---

தாம்பரம்_அப்பா

மூவருக்கும் மிக்க நன்றி. கூட்டாளி நிறுவனத்தின் எண் இரண்டும் கிடைத்தது, சீட் மேப் திறந்துவிட்டது. மகன், மகள் இருவரும் சைல்ட் என்றுதான் பதிவாகியிருக்கிறார்கள். 777-இல் 3-4-3 அமைப்பு. நடுவில் நான்கு சீட் காலியாகப் பல வரிசை இருக்கிறது, ஜன்னல் பக்கம் உடைந்து உடைந்துதான் இருக்கிறது. ஐந்து பேரை எப்படி உட்கார வைப்பது நல்லது? அம்மாவுக்கு அடிக்கடி எழுந்து நடக்கணும்.

---

மீனம்பாக்கம்_கவுண்டர்

நடு நான்கையே எடுங்கள் சார். அந்த விமானத்தில் இடப்பக்கம் ஏ, பி, சி. நடுவில் டி, இ, எஃப், ஜி. வலப்பக்கம் எச், ஜே, கே. "ஐ" என்ற எழுத்து 1 மாதிரித் தெரியும் என்பதால் விட்டுவிடுவார்கள்.

டி-யில் அம்மா. இ-யில் மகன். எஃப்-இல் மகள். ஜி-யில் உங்கள் மனைவி. நடைபாதைக்கு இந்தப் பக்கம் அதே வரிசை சி-யில் நீங்கள்.

இப்படி உட்கார்ந்தால் பாட்டி யாரையும் தாண்டாமல் எழுந்து நடக்கலாம், கை நீட்டினால் நீங்கள் இருக்கிறீர்கள். பிள்ளைகள் இருவரும் நடைபாதை ஓரத்தில் இல்லை. ஓரத்தில் பிள்ளை தூங்கும்போது கையும் காலும் வெளியே வரும், தள்ளுவண்டி இடிக்கும், சூடான தேநீர் தலைக்கு மேலே கைமாறும். அதனால் எந்த விமானத்திலும் ஓரச் சீட் பெரியவருக்குத்தான். உங்கள் நால்வருக்கு நடுவில் வேற்று ஆள் கிடையாது, யாரும் தாண்டிப் போக மாட்டார்கள். ஏ, பி-யில் இருப்பவர்கள் உங்களை மட்டும் எழுப்புவார்கள். அந்தச் சிரமத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். சின்னவன் தன் அம்மா பக்கத்தில்தான் தூங்குவான் என்றால் பிள்ளைகள் இருவரையும் இடம் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பதிவில் பிஎன்ஆர்படி மகன் பாட்டிக்கு ஒட்டி இருக்கட்டும்.

முன் தடுப்புச் சுவருக்கு அடுத்த வரிசை காலியாகத் தெரிந்தாலும் வேண்டாம். கால் நீட்ட இடம் உண்டு, ஆனால் சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடங்கியிருக்கும், கைப்பிடியைத் தூக்க முடியாது. பிள்ளை குறுக்கே படுக்க முடியாது. காலடியில் பை வைக்கவும் விடமாட்டார்கள். தொட்டில் மாட்டும் இடமும் அதுதான், கைக்குழந்தையோடு வருகிறவருக்காக உங்களை எழுப்பவும் செய்யலாம். அவசர வழி வரிசை பிள்ளைகளுக்கும் வீல்சேர் கேட்டவர்களுக்கும் தரவே மாட்டார்கள். கடைசி வரிசை கழிப்பறையை ஒட்டியிருக்கும், சாய்வதும் பல விமானங்களில் குறைவு. கடைசியிலிருந்து நான்கு ஐந்து வரிசை முன்னால் பாருங்கள்.

சென்னை–டெல்லி ஏ320-க்கு: ஏ மகள், பி மகன், சி மனைவி. நடைபாதைக்கு அந்தப் பக்கம் டி அம்மா, இ நீங்கள்.

வீல்சேர் பற்றி ஒன்று. கோரிக்கை இரண்டு விமானத்திலும் தனித்தனியாக ஏறியிருக்கணும். சென்னை–டெல்லிக்கு மட்டும் ஏறி, அடுத்ததில் இல்லாமல் போவது அடிக்கடி நடக்கும். கூட்டாளி நிறுவனத்தின் பக்கத்திலும் தெரிகிறதா பாருங்கள். வீல்சேரில் வருகிறவரைத் தனிப் பாதையில் கூட்டிப் போய் முதலில் ஏற்றுவார்கள். மகன் அவர் பிஎன்ஆரில் இருப்பதால் அவரோடு அனுப்பப் பார்ப்பார்கள். உங்களில் ஒருவர் கூடவே போங்கள். பாஸ்போர்ட், போர்டிங் பாஸ் எல்லாம் ஒரே கையில் இருக்கக்கூடாது, பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

---

குன்னூர்_மலர்

இடையில் கேட்பதற்கு மன்னிக்கணும். எங்களுக்கு 11 மாத இரட்டைக் குழந்தைகள், மடியில் வைத்துக்கொள்வதாகத்தான் டிக்கெட். ஏ320-யில் நானும் கணவரும் பக்கம் பக்கமாகச் சீட் எடுத்தால் கணினி ஏற்கவில்லை. ஏன்?

---

ரன்வே25

மேலே தொங்குகிற ஆக்சிஜன் முகமூடிதான் காரணம். ஏ320 மாதிரியான விமானத்தில் மூன்று சீட் தொகுதிக்குப் பொதுவாக நான்கு முகமூடி. சீட்டுக்கு ஒன்று, மடிக்குழந்தைக்காக ஒன்று கூடுதல். ஒரே தொகுதியில் இரண்டு மடிக்குழந்தை என்றால் ஐந்து மூக்குக்கு நான்கு முகமூடி. அதனால் ஒரு தொகுதிக்கு ஒரு மடிக்குழந்தைதான். நீங்கள் சி, கணவர் டி என்று நடைபாதைக்கு இருபுறமும் எடுங்கள், கணினி ஏற்கும்.

கைக்குழந்தை இருந்தால் சில நிறுவனங்களில் வெப் செக்-இன் ஆகாது, கவுண்டரில்தான் சீட் உறுதியாகும். அதனால் சீட்டை முன்பே எடுத்து வைப்பது உங்களுக்கு அவசியம். பயணத்துக்கு நடுவில் குழந்தைக்கு இரண்டு வயது முடிந்தால் திரும்பி வரும்போது மடி டிக்கெட் செல்லாது, தனிச் சீட் வாங்கணும்.

---

தாம்பரம்_அப்பா

இரண்டு பேரும் இரண்டு போனில் உட்கார்ந்து அதே வரிசையில் ஐந்து சீட்டையும் எடுத்துவிட்டோம். மகன், மகள், எங்களில் ஒருவர் என மூன்று சீட் கூட்டாளி நிறுவனமே இலவசமாகப் போட்டுக் கொடுத்தது, மீதி இரண்டுக்கு மட்டும் கட்டணம். கடைசி சந்தேகம்: விமானத்தை மாற்றிவிட்டால் இதெல்லாம் என்ன ஆகும்? அப்படி மாறிப்போய் உள்ளே ஏறின பிறகு சிதறியிருந்தால்?

---

மீனம்பாக்கம்_கவுண்டர்

விமானம் மாறினால் பழைய வரிசை எண்ணும் எழுத்தும் புதியதில் இல்லாமல் போகலாம். அப்போது கணினி எல்லோரையும் மறுபடி தானாக உட்கார வைக்கும். மின்னஞ்சல் வரும் என்று காத்திருக்க வேண்டாம். வாரம் ஒரு தடவை, பிறகு கடைசி மூன்று நாள் தினமும், இரண்டு பிஎன்ஆரையும் திறந்து பாருங்கள். சீட் எண் மறைந்திருந்தாலோ மாறியிருந்தாலோ அன்றைக்கே அழையுங்கள். நாளாக ஆக இடம் குறையும்.

காசு கட்டிய இரண்டு சீட்டுக்கும் தனி ரசீது வந்திருக்கும். அதில் இஎம்டி என்று 13 இலக்க எண் இருக்கும், படம் பிடித்து வையுங்கள். விமானம் மாறும்போது இந்த ரசீது புதிய சீட்டோடு ஒட்டாமல் தனியே தொங்கும், "நீங்கள் சீட் வாங்கவே இல்லையே" என்று காட்டும். எண்ணைச் சொன்னால் ஊழியர் மறுபடி இணைத்துவிடுவார். அதே மாதிரிச் சீட் தர முடியாவிட்டால் கட்டிய தொகையைத் திருப்பிக் கேளுங்கள். இந்தியாவில் நிறுவனம் பதில் சொல்லாவிட்டால் அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியலாம். பிஎன்ஆர், தேதி, ரசீது மூன்றும் தேவை.

சென்னையில் உள்நாட்டுக் கவுண்டரிலேயே இரண்டு விமானத்துக்கும் போர்டிங் பாஸ் கேளுங்கள். இரண்டு நிறுவனத்தின் கணினியும் ஒத்துப்போனால் அங்கேயே அச்சாகும். வராவிட்டால் டெல்லியில் கூட்டாளி நிறுவனத்தின் இடைமாற்று மேசையில் வாங்கணும். அதற்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள், கேட்டுக்குப் போய்க் கேட்பதைவிட அந்த மேசையில் கேட்பது நல்லது. கேட்டில் சீட் எல்லாம் முடிவாகியிருக்கும்.

அப்படியும் உள்ளே ஏறிய பிறகு பிரிந்திருந்தால், மற்றவர் சீட்டில் பிள்ளையை முதலில் உட்கார வைத்துவிட்டு அப்புறம் கேட்காதீர்கள். அவர் வந்து நிற்கும்போது கூட்டமும் பின்னால் நிற்கும், மனசு கோணும். கேபின் குழுவிடம் சொல்லி அவர்கள் மூலம் கேளுங்கள். மாற்றாக நீங்கள் தருகிற சீட் அவருடையதற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கணும்: ஓரத்துக்கு ஓரம், ஜன்னலுக்கு ஜன்னல், முடிந்தால் அதைவிட முன்னால். நடு சீட்டைக் கொடுத்து ஜன்னலைக் கேட்டால் கிடைக்காது, அவரும் காசு கொடுத்திருப்பார். காலியாக இருக்கிற சீட்டுக்கு மாறுவதாக இருந்தாலும் கேட்டுவிட்டு மாறுங்கள். குறைந்த ஆட்களோடு போகும் விமானத்தில், குறிப்பாக ஏடிஆர் மாதிரிச் சின்ன விமானத்தில், யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை வைத்து எடைச் சமநிலை கணக்கிட்டிருப்பார்கள்.

777-க்குப் பதில் 787 வந்தால் அமைப்பு 3-3-3. ஏ, பி, சி, நடுவில் டி, இ, எஃப், பிறகு எச், ஜே, கே. அப்போது டி-யில் பாட்டி, இ-யில் மகன், எஃப்-இல் மனைவி, நடைபாதைக்கு அந்தப் பக்கம் எச்-இல் நீங்கள், ஜே-யில் மகள். மாற்றம் தெரிந்த உடனே இந்த ஐந்து எழுத்தையும் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். ஊழியருக்கும் வேலை சுலபம்.